கண் சிவந்தால் கரை சேர்

மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. படகின் சரக்கறையில் இன்னும் மூன்று கட்டங்கள் காலி. துறைமுக விளக்கு கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் எரிகிறது. ஆனால் வலப்பக்கம் தண்ணீர் ஓரிடத்தில் கொப்புளிக்கிறது. பகலில் சிக்காத மீன். திரையின் மேற்பகுதியில் ஒரு கண் மெல்லத் திறக்கிறது. இன்னும் ஒரே ஒரு மீன் என்று தூண்டிலை இறக்குகிறார் ஆட்டக்காரர். திரும்பும் வழியில் படகுக்கு நேர் எதிரே, காலையில் இல்லாத பாறை ஒன்று எழுந்து நிற்கிறது. மறுநாள் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால் பாறை இருக்காது. படகில் விழுந்த ஓட்டை மட்டும் இருக்கும்.

'டிரெட்ஜ்' என்ற வீடியோ கேமை விளையாடியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய 'பிளாக் சால்ட் கேம்ஸ்' என்ற சின்ன நிறுவனம் உருவாக்கி, 2023 மார்ச் 30ம் தேதி வெளிவந்த விளையாட்டு இது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. 2025ல் மொபைல் போனுக்கும் வந்துவிட்டது. துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது, கொல்வதற்கு எதிரி கிடையாது. மீன் பிடிக்க வேண்டும், விற்க வேண்டும், புத்தி கெடாமல் வீடு திரும்ப வேண்டும். முதல் இரண்டும் சுலபம்.

கதை எளிமையானது. மீனவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒருவன் படகில் வருகிறான். மூடுபனியில் பாறையில் மோதிப் படகு நொறுங்குகிறது. கண் விழித்தால் கிரேட்டர் மாரோ என்ற தீவு. ஊர் மேயர் பெரிய மனதோடு வேறொரு படகு தருகிறார். இனாமாக அல்ல, கடனாக. இனி விற்கும் மீனில் ஒரு பங்கு கடனுக்குப் போகும். இருட்டுவதற்குள் திரும்பிவிடு என்று ஊரார் எச்சரிக்கிறார்கள். ஏன் என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. திகில் கதைகளில் ஊரார் எப்போதுமே இப்படித்தான்.

கடன் என்ற அந்த ஒரு விஷயத்தில்தான் விளையாட்டின் சூட்சுமம் இருக்கிறது. பகல் கடல் சாது. சாதாரண மீன், சாதாரண விலை. சில மீன்கள் இரவில்தான் அகப்படும். எப்போதாவது தூண்டிலில் விகாரமான பிறவிகளும் ஏறும். கண் பல கொண்டது, உடல் பிளந்தது, எலும்பு வெளியே தெரிவது என்று நூற்றுக்கும் மேற்பட்ட மீன்வகைகள் அடங்கிய பட்டியலில் அவற்றுக்குத் தனி இடம். பார்க்கச் சகிக்காது. ஆனால் விலை அதிகம். அவையும் இரவில்தான் அதிகம் சிக்குகின்றன. ஆக, ஊரில் யாரும் வற்புறுத்தாமலே, யாரும் பயமுறுத்தாமலே, கணக்குப் போடத் தெரிந்த மனிதன் தானாகவே இருட்டுக்குள் போவான். நல்ல என்ஜின் வேண்டும், நல்ல தூண்டில் வேண்டும், பிரகாசமான விளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

இருட்டில் மூளைக்கு என்ன ஆகிறது என்பதை எண்ணால் சொல்லாமல் கண்ணால் சொன்னதுதான் வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம். நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும் மீட்டர் இல்லை. இரவு வளர வளரக் கண் திறந்துகொள்கிறது. பிறகு சிவக்கிறது. பிறகு நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைகிறது. அதற்குள் கடல் மாறியிருக்கும். சிவந்த கண்களோடு காகங்கள் வந்து பிடித்த மீனைக் கொத்திக்கொண்டு போகும். சரக்கறையில் கிடக்கும் மீன் ஒன்று நோய் பிடித்துப் பக்கத்து மீனுக்குத் தொற்றும். தூரத்தில் தெரியும் விளக்கெல்லாம் படகின் விளக்காக இராது.

இதில் எது நிஜம், எது பிரமை? விளையாட்டு பதில் சொல்வதில்லை. பாறை பிரமை என்றால் மோதிய ஓட்டையும் பிரமையாக வேண்டும். ஆனால் ஓட்டை நிஜம். சரக்கறையின் ஒரு கட்டம் பாழாகி, அதில் இருந்த மீன் கடலுக்குப் போய்விடும். பழுது பார்க்கக் காசு கொடுத்தாக வேண்டும். பிரமையின் செலவு மட்டும் எப்போதும் ரொக்கம்.

புத்தியைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி? அனுபவஸ்தர்கள் சொல்லும் வழிகள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைப்போலத்தான் இருக்கின்றன. விளக்கு போட்டுக்கொண்டு போ. வெளிச்சமுள்ள துறையில் ஒதுங்கு. வேளைக்குத் தூங்கு. உறக்கம்தான் முதல் மருந்து. எந்தத் துறையில் படகைக் கட்டினாலும் படுக்கலாம், விழித்தால் கண் மூடியிருக்கும். புறப்படும்போதே திரும்பும் நேரத்தைக் கணக்கில் வைப்பது இரண்டாவது. தொலைவில் உள்ள கேல் கிளிஃப்ஸ் செங்குத்துப் பாறைகளுக்கோ, டுவிஸ்டட் ஸ்ட்ராண்ட் சதுப்புக் காட்டுக்கோ பிற்பகலில் கிளம்புகிறவர் எங்கே இரவைக் கழிக்கப்போகிறார் என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இன்னொரு சலுகை உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. இந்த விளையாட்டில் படகு ஓடினாலோ மீன் பிடித்தாலோதான் கடிகாரம் ஓடும். படகு நின்றால் நேரமும் நிற்கும். நடுக்கடலில் நள்ளிரவில் என்ஜினை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போகலாம் என்று ஆற அமர யோசிக்கலாம். யோசனைக்கு அங்கே விலை இல்லை. நிஜக் கடலில் எந்த மீனவருக்கும் கிடைக்காத வரம் இது. அப்படியிருந்தும் பெரும்பாலோர் நிறுத்துவதில்லை. பயந்தவன் வேகத்தைக் கூட்டுவானே தவிர, நிறுத்த மாட்டான். வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வேகத்துக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிளாக்ஸ்டோன் தீவில் தனியே வசிக்கும் ஒரு மர்ம ஆசாமி, கடலடியில் கிடக்கும் ஐந்து பழம்பொருள்களைத் தோண்டி எடுத்துத் தரச் சொல்கிறார். சாவி, இசைப்பெட்டி, மோதிரம், கழுத்துச்சங்கிலி, பாக்கெட் கடிகாரம். கூலியாக மந்திர சக்திகள் தருகிறார். ஒன்று படகைப் பறக்கவைக்கும். ஒன்று, ஓரிடத்தில் உள்ள மீன் அத்தனையையும் ஒரே நொடியில் அள்ளித் தரும். இன்னொன்று, எங்கிருந்தாலும் அவருடைய தீவுக்கே கொண்டு சேர்த்துவிடும். இவற்றைப் பயன்படுத்தும்போது அந்தக் கண் இன்னும் அகலத் திறக்கிறது. பயத்திலிருந்து தப்பிக்க வாங்கிய சாதனம் பயத்தைக் கூட்டுகிறது. வட்டி கட்டக் கடன் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆசாமி யார், பழம்பொருள்கள் யாருடையவை என்பதை இங்கே சொல்வது விளையாடப்போகிறவர்களுக்குச் செய்யும் துரோகம். டிரெட்ஜ் என்ற சொல்லுக்குத் தூர் வாருதல் என்று பொருள். அடியில் கிடப்பது மேலே வரும் என்பது வரை சொல்லலாம்.

இந்த வகை விளையாட்டுகளை எழுதுகிறவர்கள் வழக்கமாகப் புழங்கும் ஆங்கிலச் சொல் சானிட்டி. தமிழில் அதற்கு ஒரே சொல் கிடையாது. மொழிபெயர்ப்பவர்கள் திண்டாடும் சொற்களில் இதுவும் ஒன்று. கோர்ட் தமிழில் 'சித்தசுவாதீனம்' என்பார்கள். சித்தம் தன் கைவசம் இருப்பது என்று அர்த்தம். படகைப்போல, சித்தமும் ஒருவர் வசம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பேச்சுவழக்கில் புத்தி பேதலிக்கும், சித்தம் கலங்கும். கலங்கியது தெளியவும் செய்யும், குளத்துத் தண்ணீர்போல. குடித்தவரைப் பார்த்து 'நிதானத்தில் இல்லை' என்கிறோம். மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் ஒரு மாலை நேரத்து வருத்தமாகவும் இருக்கலாம், ஒரு வருடத்து நோயாகவும் இருக்கலாம். கேட்பவர்தான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இத்தனை சொற்களில் எதுவும் புத்தியை ஓர் அளவாக, நூற்றுக்கு இவ்வளவு மீதி என்று சொல்வதில்லை. டிரெட்ஜ் அதிகமாகப் பயன்படுத்துவதும் சானிட்டி என்ற சொல்லை அல்ல. பீதி என்று பொருள்படும் 'பேனிக்' என்ற சொல்லைத்தான். தமிழில் கிலி என்றால் கச்சிதமாக இருக்கும். கிலி பிடிக்கும், பிறகு விடும். பைத்தியத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வித்தியாசம் சின்னதல்ல.

புத்திக்கு மதிப்பெண் போடும் பழக்கம் கம்ப்யூட்டருக்கு முன்பே, மேஜைமேல் பகடை உருட்டி விளையாடும் கதை விளையாட்டில் பிரபலமானது. 1981ல் அமெரிக்காவின் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் குதுலு'. அதை வடிவமைத்தவர் சாண்டி பீட்டர்சன். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புத்திக்கென்று ஒரு மதிப்பெண். பயங்கரத்தைக் கண்டால் பகடை உருட்ட வேண்டும், தோற்றால் மதிப்பெண் குறையும். விசேஷம் என்னவென்றால், உலகத்தின் ரகசியத்தைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, புத்தி எட்டக்கூடிய உச்சவரம்பே இறங்கிக்கொண்டு வரும். படித்தால் அறிவு வளரும் என்று நம்பும் சமூகங்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியான விதி.

விதிக்கு மூலம் எச்.பி. லவ்கிராஃப்ட் (1890-1937) என்ற அமெரிக்க எழுத்தாளர். விளையாட்டுக்குப் பெயர் கொடுத்த கதை 1928ல் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் வந்தது. மீனவ ஊர் ஒன்று கடலடிப் பிராணிகளோடு உறவு வைத்துக்கொண்டதால் செழித்து, பிறகு அழுகிப்போவதைப் பற்றி அவர் எழுதிய இன்ஸ்மவுத் கதையின் வாடை டிரெட்ஜ் முழுக்க அடிக்கிறது. மனிதருக்குக் கடல் உணவே ஆகாது, மீன் என்றால் குமட்டும். கலப்பினத்தவர்களைப் பற்றி அவருக்கிருந்த அருவருப்பும் அந்தக் கதையில் ஒளிந்துகொள்ளாமல் நிற்கிறது. அதை மன்னிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் புத்தி கலங்குவதைப் பற்றிய பயம் மட்டும் அவருக்கு இரவல் பயமல்ல. அவருக்கு மூன்று வயது நிறைவதற்கு முன்பே தகப்பனாரை பிராவிடன்ஸ் நகரின் பட்லர் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1898ல் அங்கேயே இறந்தார். தாயாரை 1919ல் அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1921ல் அவரும் அங்கேயே இறந்தார்.

பகடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தபோது உத்திகள் பெருகின. 2002ல் வந்த 'எடர்னல் டார்க்னஸ்' விளையாட்டில், பாத்திரத்தின் புத்தி தளர்ந்தால், விளையாடுபவரின் டி.வி.யே ஒலி குறைவதுபோலப் பாசாங்கு செய்யும். சேமித்துவைத்த ஆட்டம் முழுவதும் அழிந்துவிட்டதாகச் சொல்லிப் பதறவைக்கும். இந்த உத்திக்கு நின்டென்டோ காப்புரிமையே வாங்கியது. பைத்தியத்துக்குப் பேடன்ட்! ஸ்வீடன் நிறுவனம் ஒன்று 2010ல் வெளியிட்ட 'அம்னீஷியா'வில் இருட்டில் நின்றாலே புத்தி கரையும், அரக்கனை உற்றுப் பார்த்தாலும் கரையும், விளக்குக்கு எண்ணெயோ கொஞ்சம்தான். 2015ன் 'சன்லெஸ் சீ' டிரெட்ஜுக்கு மூத்த சகோதரி என்று சொல்லலாம். வெளிச்சம் இல்லாத பாதாளக் கடலில் கப்பல் ஓட்ட வேண்டும், கரை விளக்குகளை விட்டு விலக விலகத் திகில் ஏறும். முற்றினால் மாலுமிகள் கலகம் செய்வார்கள்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. மனநோய் என்பது பேட்டரிபோல வற்றுவதும் மாத்திரை விழுங்கியதும் நிரம்புவதும் அல்ல, நோயாளியை அரக்கன் வரவுக்கு முன்னறிவிப்பாக மாற்றிவிடுகிறார்கள் என்பது ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். 2017ல் வந்த 'ஹெல்பிளேட்' விளையாட்டை உருவாக்கியவர்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரையும், காதில் குரல்கள் கேட்கும் அனுபவம் உள்ளவர்களையும் கலந்து ஆலோசித்தார்கள். அதில் புத்திக்கு மீட்டர் கிடையாது. 'அம்னீஷியா'வை எடுத்தவர்களே 2020ல் வெளியிட்ட தொடர்ச்சியில் புத்தி என்பதை விட்டுவிட்டுப் பயம் என்று மாற்றிக்கொண்டார்கள். டிரெட்ஜ் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அதன் மீனவன் நோயாளி அல்ல. தூங்காத, கடன்பட்ட, தனியான மனிதன்.

அப்படிப்பட்ட மனிதர்களுக்குக் கடலில் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. உலகத்தை முதன்முதலில் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம், 1895ல் அசோர்ஸ் தீவுகளைத் தாண்டியதும் பிளம் பழமும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டு வயிற்றுவலியில் சுருண்டு விழுந்தார். எழுந்து பார்த்தபோது சுக்கான் பிடித்து நின்றது கொலம்பஸின் 'பின்டா' கப்பல் மாலுமி! பேசவும் செய்தான். மறுநாள் பார்த்தால் படகு சரியான திசையில்தான் போயிருந்தது. ஸ்லோகம் இதைத் தன் புத்தகத்தில் வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார். அவருக்குத் தெளிந்துவிட்டது.

டொனால்ட் குரோஹர்ஸ்டுக்குத் தெளியவில்லை. இங்கிலாந்தில் மின்னணுக் கருவிகள் தயாரித்து நொடித்துப்போய்க்கொண்டிருந்த வியாபாரி. விடுமுறையில் படகோட்டிய அனுபவம்தான். 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டியை அறிவித்தபோது அவரும் பெயர் கொடுத்தார். படகுக்குப் பணம் போட்டவரிடம் ஒப்பந்தம். போட்டியிலிருந்து விலகினால் படகை அவரே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். வீடும் தொழிலும் ஈடு. 1968 அக்டோபர் 31ம் தேதி, கிளம்பக் கெடு வைத்த கடைசி நாள் அன்று, வேலை முடியாத படகோடு புறப்பட்டார். சில வாரங்களிலேயே படகு தாங்காது என்று தெரிந்துவிட்டது. முன்னே போனால் மரணம். திரும்பினால் திவால். அவர் இரண்டையும் செய்யாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகத்தைச் சுற்றுவதாக ரேடியோவில் பொய்யான இடங்களைச் சொன்னார். கடைசி ஆளாக வந்தால் யாரும் கணக்குப் புத்தகத்தைக் கிளற மாட்டார்கள் என்பது நம்பிக்கை. குரோஹர்ஸ்ட் நெருங்கிவிட்டார் என்று நம்பிப் படகை அளவுக்கு மீறி விரட்டிய நைஜல் டெட்லியின் படகு 1969 மே மாதம் மூழ்கியது. டெட்லி பிழைத்தார். ஆனால் வேகத்துக்கான பரிசு இனி குரோஹர்ஸ்டுக்குத்தான் என்றாகிவிட்டது. பரிசு என்றால் பரிசோதனையும் உண்டு.

ஜூன் கடைசியில் அவர் எழுத ஆரம்பித்தார். காலம், கடவுள், விளையாட்டு, பாவம் என்று சுமார் 25,000 வார்த்தைகள். ஜூலை 1ம் தேதியோடு குறிப்பு நின்றுவிட்டது. ஜூலை 10ம் தேதி ஒரு கப்பல் அந்தப் படகைக் கண்டெடுத்தது. ஆள் இல்லை. வீட்டில் மனைவியும் நான்கு குழந்தைகளும். போட்டியில் ஜெயித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த விவகாரம் முழுவதிலும் நிதானம் தவறாத காரியம் அது ஒன்றுதான்.

டிரெட்ஜை உருவாக்கியவர்கள் குரோஹர்ஸ்டை நினைத்தார்களோ இல்லையோ, கடனையும் கடலையும் தூக்கமின்மையையும் ஒரே படகில் ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் இரக்கமும் கவனிக்கத்தக்கது. பயம் அறவே வேண்டாம் என்பவர்களுக்காக, அரக்கப் பிராணிகள் தாக்காமல் இருக்கும் சாதுவான வகை ஒன்றையும் பிறகு சேர்த்தார்கள். அதில் மீன் பிடித்துக்கொண்டு, சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். தீவிர ஆட்டக்காரர்கள் இளப்பமாகப் பார்ப்பார்கள். வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குப் போனை எடுப்பவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். அவருடைய கண்ணும் சிவந்துதான் இருக்கும்.

சாதுவான வகை வேண்டாம் என்பவர்கள் வழக்கமான இரவுக்கே திரும்ப வேண்டும். படகைத் துறையில் கட்டி, படுத்து, காலையில் விழித்தால் திரையின் மேலே கண் மூடிக் கிடக்கிறது. கடல் நீலம். நேற்றைய பாறையைக் காணோம். சரக்கறையைத் திறந்தால், உயிரைப் பணயம் வைத்து இரவில் பிடித்த அந்த ஒரு மீன், தூங்கிய நேரத்தில் புத்துணர்ச்சி போய் வாடத் தொடங்கியிருக்கிறது. மீன் கடைக்காரர் நேற்று கொடுத்திருக்கக்கூடிய விலையை இன்று கொடுக்க மாட்டார். கடனில் ஒரு பங்கு கழியும். இன்னும் மூன்று கட்டங்கள் காலி.